மூன்று பழைய கார்டும் 80 மில்லிமீட்டர் கவசமும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாடிப்படிக்குக் கீழே உள்ள கண்ணாடி அலமாரியில் பச்சையாக ஒரு டாங்கி நிற்கிறதே, அதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். பத்து நிமிடம் போதும் என்றார். நான் வங்கியில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன், நேரக் கணக்கில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டாவது மாடி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். போன வருடம் செயற்குழுவில் 'பால்கனியிலிருந்து கெமிக்கல் நாற்றம்' என்று வந்த புகார் என்னைப் பற்றித்தான். பிளம்பர் பிவிசி பைப் ஒட்டுவாரே, அந்த சொல்யூஷன். அதற்குப் பிறகு அந்த வேலையை மொட்டை மாடிக்கு மாற்றிக்கொண்டேன்.

அலமாரியில் இருப்பது விஜயந்தா. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி வடிவமைத்தது. முதலில் அங்கிருந்து வந்தது, பிறகு நம் ஆவடியில் 1980களின் தொடக்கம் வரை செய்தார்கள். ஆவடிப் பக்கம் நான் வேலை பார்த்த கிளையில் மாத முதல் தேதி வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள். அவர்கள் பாஸ்புக்கை எல்லாம் பார்த்திருக்கிறேன், அவர்கள் செய்த வண்டியைப் பார்த்ததில்லை. ரிடையர் ஆன பிறகு அதுதான் மனதில் வந்தது.

கடையில் பெட்டியில் அடைத்து விற்கிற மாடல்கள் உண்டு. ஜெர்மன் டாங்கி, ரஷ்ய டாங்கி நிறைய கிடைக்கும். நான் தேடிய இடங்களில் விஜயந்தா இல்லை. அதனால் வெறும் தகட்டிலிருந்து செய்ய முடிவு செய்தேன். அளவு 35-இல் ஒரு பங்கு. ஏன் 35 என்று பேரன் கேட்டான். ஜப்பானில் டாமியா என்ற கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த டாங்கி பொம்மை செய்தது. உள்ளே பேட்டரி பிடிக்கிற அளவுக்கு உடலைச் செய்தார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் 35-இல் ஒரு பங்கு வந்தது. பிறகு உலகம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது.

விஜயந்தாவில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. ரஷ்ய டி-55-க்குக் கோபுரம் வார்த்து எடுத்தது, கவிழ்த்த சட்டி மாதிரி வளைவு. அதை என் போன்றவன் செய்ய முடியாது. விஜயந்தாவுக்கு உடலும் சரி, கோபுரமும் சரி, தட்டையான இரும்புத் தகடுகளை வெல்டிங் செய்தது. தட்டையாக இருந்தால் கத்தியும் ஸ்கேலும் போதும்.

தகட்டுக்கு என்ன செய்தேன் தெரியுமா? காலாவதியான ஏடிஎம் கார்டு. எந்த வங்கி கொடுத்தாலும் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர்தான், அது சர்வதேச அளவு. விஜயந்தாவின் முன்பக்கக் கவசம் அதிகபட்சம் 80 மில்லிமீட்டர். 35-ஆல் வகுத்தால் 2.28. மூன்று கார்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் அதுவும் 2.28! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மனைவி என்ன ஏது என்று கேட்டாள், விளக்கிச் சொன்னேன், விளக்கை அணைத்துவிட்டாள்.

பைப் சொல்யூஷன் பசை மாதிரி ஒட்டுவதில்லை. இரண்டு கார்டின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்த பிறகு பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பீரங்கிக் குழாயின் உள்வட்டம் 105 மில்லிமீட்டர், நமக்கு 3. நீளம் அந்த விட்டத்தைப்போல் 52 மடங்கு, அதாவது 156 மில்லிமீட்டர், கோபுரத்துக்குள் மறைகிற பகுதியையும் சேர்த்து. பழைய டிரான்சிஸ்டர் ஏரியல் ஒன்று பரணில் கிடந்தது. நடுவில் தெரிகிற தடிப்பு, வெடித்த புகை கோபுரத்துக்குள் திரும்பாமல் முன்னால் இழுக்கிற அமைப்பு, அது காகிதப் பட்டையைச் சுற்றிப் பசையில் நனைத்தது. பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. முதலில் அதில் சில ரவுண்டு சுட்டு, எங்கே விழுகிறது என்று பார்த்துத் தூரம் சரிதானா என்று தெரிந்துகொண்டு பிறகுதான் பெரிய பீரங்கியைச் சுடுவார்கள். அதன் துளை நம் அளவில் 0.36. கிட்டத்தட்ட என் இன்சுலின் ஊசி. (புதிய ஊசிதான், பயப்படாதீர்கள்.)

சக்கரம் பக்கத்துக்கு ஆறு, ஒவ்வொன்றும் இரட்டை. மொத்தம் 24 வட்டு. ஒன்றை ஒழுங்காகச் செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, ரெசின் ஊற்றி மீதியை வார்த்தேன். வெல்டிங் தழும்புக்கு எம்-சீலை நூல் மாதிரி உருட்டி ஊசியால் குத்திக் குத்திக் கோடு போட்டேன். இதெல்லாம் பொறுமை இருந்தால் யாரும் செய்யலாம்.

இப்போது நடந்த தப்பைச் சொல்கிறேன்.

பி பிளாக்கில் ஒரு சுபேதார் இருந்தாரே, உங்களில் பலருக்குத் தெரியும். மாலை வாக்கிங்கில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். மாடலை ஒரு நாள் வெயிலில் காயவைத்திருந்தேன். நின்று பார்த்தார். "விஜயந்தாவா?" என்றார். அதற்குப் பிறகு தினமும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். இளவயதில் அவர் அதில் லோடர். கோபுரத்தில் பீரங்கிக்கு இடது பக்கம் நின்று குண்டு ஏற்றுபவர். ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குப் பக்கம், வண்டியில் 44 குண்டு. எந்தக் குண்டு எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் காட்டுவார். கை இப்போது நடுங்குகிறது, ஆனால் இடம் தப்பவில்லை.

ஏழு மாதம் ஆகியிருந்தது. உடல், கோபுரம் எல்லாம் முடிந்து பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் முன்பக்கமாகக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. டிரைவர் இதுல உக்கார முடியாது."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் அளந்தேன். உடலின் அகலம் 84 மில்லிமீட்டர். 35-ஆல் பெருக்கினால் 2,940. புத்தகத்தில் 3,168. நிஜ வண்டியில் ஒரு சாண் குறைச்சல்!

எப்படி ஆயிற்று? வரைபடத்தின் பக்கவாட்டுத் தோற்றத்தை ஒரு தாளிலும் முன்தோற்றத்தை இன்னொரு தாளிலும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். முதல் தாளில் நீளம் 226 மில்லிமீட்டர், சரியாக இருந்தது. இரண்டாவது தாளைக் கடைப்பையன் பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கிவிட்டான். நான் அதை அளக்கவே இல்லை. பற்றுப் பக்கத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, வரவுப் பக்கமும் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டவன் கதை. பையனைச் சொல்லிக் குற்றமில்லை, செக் பண்ண வேண்டியது என் வேலை.

அகலப்படுத்த முடியுமா என்று பார்த்தேன். நடுவில் அறுத்து ஆறரை மில்லிமீட்டர் பட்டை வைக்கலாம். ஆனால் கோபுரமும் அதே முன்தோற்றத்தில் செய்தது, அதுவும் குறுகல். ஒட்டினது பிரியாது என்று சொன்னேனே.

இங்கே இன்னொரு சிக்கல். சுபேதார் சித்திரையில் மகள் வீட்டுக்கு ஓசூர் போகப் போகிறார், நிரந்தரமாக. அதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. குறுகலாகவே பெயிண்ட் அடித்தால் காட்டிவிடலாம். நம்மில் வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் உடைத்தேன். பக்கத் தகடுகளும் சக்கரங்களும் தப்பின, மீதி குப்பைக்குப் போயிற்று. மறுநாள் சுபேதார் வந்து காலி மேஜையைப் பார்த்தார். "எனக்காகவா உடைச்சீங்க?" என்றார். "இல்ல சார், டேலி ஆகல" என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சித்திரையில் அவர் கிளம்பும்போது புது உடலும் கோபுரப் பாதியும்தான் நின்றது. சங்கிலிப் பட்டை ஆரம்பிக்கக்கூட இல்லை. சங்கிலி பெரிய வேலை. இரண்டு பக்கமும் சேர்த்து இருநூறுக்குக் கொஞ்சம் குறைவாகக் கண்ணிகள், ஒவ்வொன்றையும் தனியாக வார்த்துக் கம்பியில் கோக்க வேண்டும். மூன்று மாதம் தின்றது. அதைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை.

ஆடியில் முடித்தேன். வாட்ஸ்அப்பில் ஆறு படம் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல் பதிவு வந்தது: "எல்லாம் சரியா இருக்கு சார். லோடர் மூடியை மட்டும் திறந்து வைங்க. ராஜஸ்தான் வெயில்ல நாங்க அதை மூடினதே இல்ல."

ஒட்டிய மூடியை அறுத்து எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இப்போது போய்ப் பார்த்தால் கோபுரத்தின் இடது பக்கம் ஒரு மூடி திறந்திருக்கும். 'உடைஞ்சிருக்கு அங்கிள்' என்று இரண்டு குழந்தைகள் சொல்லிவிட்டார்கள். உடையவில்லை. தயவுசெய்து யாரும் அமுக்கி மூடிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்ததற்குத் தகடு தேவைப்படுகிறது. காலாவதியான கார்டு இருந்தால் செக்யூரிட்டி மேஜையில் வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள். போடுவதற்கு முன் சிப்பையும் பின்னால் உள்ள கறுப்புப் பட்டையையும் வெட்டி எடுத்துவிடுங்கள், எண்ணைச் சுரண்டிவிடுங்கள். மீதி இருக்கிற துண்டு எனக்குப் போதும். போன வாரம் ஒருவர் 2029 வரை செல்லுபடியாகும் கார்டைப் போட்டிருக்கிறார். ஏ பிளாக்காக இருக்கலாம். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.