கயிறு தளரட்டும்

காலை நேரத்தில் தெருவில் பார்த்திருப்பீர்கள். சின்னப் பொமரேனியன் நாய் ஒன்று முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும். கயிற்றைப் பிடித்திருப்பவர் வெடுக்கென்று பின்னால் இழுப்பார். அது இருமும்.

அந்த இருமலை லேசாக நினைக்காதீர்கள். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இனங்களுக்கு மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்து தட்டையாகிவிடும் நோய் வருவதுண்டு. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் அந்தத் தொல்லை கூடும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டைதான் நல்லது. கடையில் ‘ஹார்னஸ்’ என்று கேளுங்கள்.

சரி, இழுக்காமல் நடக்க எப்படிப் பழக்குவது? நாய் இழுத்ததும் அப்படியே நின்றுவிடுங்கள். அதட்ட வேண்டாம், பதிலுக்கு இழுக்கவும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அது திரும்பிப் பார்க்கும், கயிறு தளரும். அந்த நொடியே, உங்கள் காலருகில் வைத்து, வேகவைத்த கோழியில் ஒரு சின்னத் துண்டு கொடுத்துவிட்டு நடங்கள். இழுத்தால் நகர முடியாது என்பது அதற்கே புரிந்துவிடும். முதல் வாரம் நாலு வீடு தாண்டினாலே பெரிய காரியம். ஆனால் வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் அது இழுத்த இழுப்புக்குப் போனால் அத்தனை உழைப்பும் வீண்.

இன்னொன்று, நடைக்குக் கிளம்புவதற்கு முன் புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும். வெயில் இறங்கிய பிறகு கூட்டிப் போங்கள்.