பெரியவர்களின் ஞாபகசக்தியும் பழச்சாறும்



வீட்டிலே பெரியவர்கள் இருப்பது ஒரு பலம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்ட கையோடு, "எனக்கு இன்னும் சோறு போடலே" என்கிறார். பழகிய தெருவிலே வழி தெரியாமல் நிற்கிறார். நாம், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது சரியல்ல. இது மூளையைப் பாதிக்கும் நோயாக இருக்கலாம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

"பழச்சாறு கொடுத்தால் மறதி வராதாமே?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் சியாட்டில் பகுதியிலுள்ள ஜப்பானிய வம்சத்து முதியோர் 1,836 பேரைப் பல வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்துக்கு 3 தடவையாவது பழச்சாறோ காய்கறிச் சாறோ குடித்தவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்திருந்தது. ஆனால், அவர்களிடம் வேறு நல்ல பழக்கங்களும் இருந்திருக்கலாம். ஆகவே சாறுதான் காப்பாற்றியது என்று சொல்லிவிட முடியாது.

பழத்தைப் பிழிந்து வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு போய்விடுகிறது. சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறுகிறது. அதற்குமேல் 2 கரண்டி சீனி வேறு போடுகிறோம்! நீரிழிவு முற்றினால் மூளைக்கும் கேடு. ஞாபகத்துக்கென்று கொடுத்தது ஞாபகத்தையே கெடுத்துவிடக் கூடாது, இல்லையா?

ஆகையால்:

1. பழமாகவே கொடுங்கள். கொய்யா, பப்பாளி, நெல்லிக்காய் போதும். பல் இல்லாதவர்களுக்கு மசித்துக் கொடுங்கள்.

2. சாறுதான் வேண்டுமென்றால் சிறு டம்ளர் அளவு. சீனி வேண்டாம், வடிகட்டவும் வேண்டாம்.

3. நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

ஒரு சமயத்தில் மட்டும் இனிப்பான சாறே மருந்து. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர் திடீரென்று வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே அரை டம்ளர் பழச்சாறோ சீனித் தண்ணீரோ கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குச் சொல்லுங்கள்.

மூளையைக் காக்க முக்கியமானது ரத்தக்கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைப்பதே. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் இதற்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாங்கி வைத்தால் மட்டும் போதாது. தினமும் விழுங்கினாரா என்று பாருங்கள். பீடி, புகையிலையை விடச் சொல்லுங்கள். காது மந்தமானால் காட்டுங்கள். காலையில் கொஞ்சதூரம் நடக்கட்டும்.

தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுங்கள். பழத்துக்காவது காசு வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.