பட்ஜெட் வாசிச்ச பிறகு கேட்டா லேட்டு தோழர்களே!

(வாக்குச்சாவடிப் பொறுப்பாளர்கள் கூட்டத்தில் நமது சட்டமன்ற உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்ஜெட் வாசிச்ச மறுநாள் காலையிலேயே எனக்கு போன் வரும். "அண்ணே, நம்ம தொகுதிக்கு என்ன வந்துச்சு?" நியாயமான கேள்வி. ஆனா கேட்கிற நேரம்தான் தப்பு. அன்னைக்கு அச்சடிச்ச புத்தகம் எங்க கையில் இருக்கும். அதில் புதுசா ஒரு வரி சேர்க்க எந்த எம்.எல்.ஏ.வாலும் முடியாது.

இது என் சாக்குப்போக்கு இல்ல, அரசியல் சாசனம் சொல்றது. 203-வது பிரிவைப் பாருங்க. அரசு ஒவ்வொரு துறைக்கும் மானியக் கோரிக்கை வைக்கும். 234 உறுப்பினர்களும் சேர்ந்து அதை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம். கூட்ட முடியாது. வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறோமே, அது ஒரு குறையைச் சபையில் பேச வைக்கிற வழி. அதனால பணம் வந்துடாது.

அப்போ பட்ஜெட் எங்கே உருவாகுது? பல மாசம் முன்னாடியே நிதித்துறை எல்லாத் துறைக்கும் சுற்றறிக்கை அனுப்பும். துறைகள் கீழே இருந்து கணக்கு வாங்கி மேலே அனுப்பும். சம்பளம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி, ஏற்கெனவே ஓடுற திட்டங்கள், இதுக்கெல்லாம் முதல்ல எடுத்து வைப்பாங்க. மிச்சத்தில்தான் புதுத் திட்டம். அந்த மிச்சத்துக்குத்தான் 234 தொகுதியும் வரிசையில் நிக்குது.

அந்த வரிசையில் நம்ம கோரிக்கை ஏன் பின்னாடி போகுது? ஒரு தரைப்பாலத்தையே எடுத்துக்குவோம். "மழை வந்தா பாலம் மூழ்குது, மேம்பாலம் வேணும்"னு ஒரு வரியில் மனு வரும். அதை அனுப்பினா என்ன நடக்கும்? நெடுஞ்சாலைத் துறை "இது ஊராட்சி ஒன்றியச் சாலை"ம்பாங்க. ஒன்றியத்தில் "எங்க நிதிக்கு இது தாங்காது"ம்பாங்க. கோப்பு அங்கேயும் இங்கேயும் நடக்கும். அதுக்குள்ள அடுத்த மழை வந்துடும்.

அதே மனுவை இப்படி எழுதிப் பாருங்க. சாலை எந்தத் துறையோடது, போன மழையில் எத்தனை நாள் போக்குவரத்து நின்னுச்சு, எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைங்க, பிரசவத்துக்குப் போற ஆம்புலன்ஸ் எத்தனை கிலோமீட்டர் சுத்திப் போகுது, நிலம் எடுக்கணுமா வேண்டாமா. இந்த மனு கையில் இருந்தா நான் அமைச்சர்கிட்டயும் பேசலாம், தலைமைப் பொறியாளர்கிட்டயும் பேசலாம். யாரும் "பார்க்கிறோம்"னு சொல்லி அனுப்ப முடியாது.

"உங்க தொகுதி நிதியில் செய்யலாமே?"ன்னு சிலர் கேட்கிறீங்க. வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். தொகுதி முழுக்க அதுதான். வகுப்பறை, நிழற்குடை, குடிநீர்த் தொட்டி, இதுக்கு உதவும். பெரிய பாலத்தை பட்ஜெட்தான் கட்டணும்.

இன்னொன்னு. அறிவிப்பு வந்தாலே வேலை முடிஞ்சதுன்னு பட்டாசு வெடிக்காதீங்க. அறிவிப்பு வேற, பணம் வேற. நிர்வாக ஒப்புதல், அரசாணை, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை, இத்தனை படி இருக்கு. மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதி ஆயிடும். விதி 110-ன் கீழ் அறிவிச்சா விவாதம்கூடக் கிடையாது. அதனால அறிவிப்பு வந்த அன்னைக்கே கேளுங்க: "அரசாணை எண் என்ன?" அமைச்சர் சபையில் கொடுத்த வாக்குறுதி நிறைவேறலைன்னா கேட்க, அரசு உறுதிமொழிக் குழு இருக்கு. மனுக்கள் குழுவுக்கு நீங்களே நேரடியா எழுதலாம்.

நம்ம கோரிக்கை ஒன்னும் இருக்கு. கேரளாவில் 1980-லயே பொருள்வாரிக் குழுக்கள் வந்தாச்சு. நாடாளுமன்றத்தில் 1993-ல் துறைவாரி நிலைக்குழுக்கள் வந்துச்சு. மானியக் கோரிக்கைகளை உறுப்பினர்கள் உட்கார்ந்து வரிவரியா பார்த்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்ட பிறகுதான் சபை வாக்களிக்குது. நம்ம சட்டமன்றத்திலும் அந்த முறை வரணும். இப்போ ஒரே நாளில் ரெண்டு மூணு துறை ஓடுது. பேசக் கிடைக்கிற சில நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான கோடியை எப்படி அலசுறது? ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, எந்த உறுப்பினருக்கும் இது பலம்தான்.

தீப்பெட்டி வாங்குற பாட்டியும் ஜிஎஸ்டி கட்டுறாங்க. வண்டிக்குப் பெட்ரோல் போடுற தம்பியும் வரி கட்டுறான். அவங்க பணத்துக்குக் கணக்கு கேட்கிறது நம்ம உரிமை.

அதனால ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரே வேலை. ஊரைக் கூட்டுங்க. பத்து கோரிக்கை வேண்டாம், அவசரமான ஒன்னே ஒன்னைத் தேர்ந்தெடுங்க. நான் சொன்ன விவரத்தோட, போட்டோவோட, அக்டோபர் கடைசிக்குள்ள அலுவலகத்தில் கொடுங்க. எந்தத் துறைக்கு, எந்தத் தேதியில் அனுப்பினோம், என்ன பதில் வந்துச்சு, எல்லாத்தையும் அலுவலக வாசலில் ஒட்டுறோம். பதில் வரலைன்னா அதையும் எழுதி ஒட்டுவோம்.

சபையில் பேச வேண்டியது என் வேலை. பேசுறதுக்கு ஆதாரம் கொடுக்க வேண்டியது உங்க வேலை. ரெண்டும் சேர்ந்தாதான் பாலம் வரும்.