தாள் வாங்கப் போன கதை

எங்க குழுவில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கோலப்படம் அச்சடித்து விற்கிறோம். முதல் ஆர்டருக்குத் தாள் வாங்கப் போனது நான்தான். காசு மிச்சமாகுமேன்னு 80 ஜி.எஸ்.எம். வாங்கிட்டேன். ஒரு சதுர மீட்டர் தாள் 80 கிராம் எடைன்னு அர்த்தம். ஜெராக்ஸ் தாள் கனம்தான். நாங்க போடுறது தண்ணியில் கரையுற மை. முதல் கலர் காயும்போதே தாள் அப்பளம் மாதிரி நெளிஞ்சுது. ரெண்டாவதா போட்ட சிவப்பு, கோட்டுக்குள்ள உட்காரவே இல்லை. 200 படம் வீண். குழுப் பணமாச்சே, அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. வீட்டுக்காரர்கிட்ட தலைவலின்னு சொல்லிட்டேன்.

இப்போ 250, 300 ஜி.எஸ்.எம். பூச்சு இல்லாத அட்டைதான். பளபளன்னு இருக்கிற ஆர்ட் பேப்பர் பார்க்க அழகு. ஆனா எங்க மை அதில் சீக்கிரம் காயாது, கை பட்டா ஈஷிக்கும். கையால் செய்த காகிதத்துக்கு நல்ல விலை கிடைக்கும். சொரசொரப்பா இருந்தா மெல்லிசு கோடு விட்டு விட்டு விழும், அதனால் அதுக்குத் தடிச்ச கோடு உள்ள கோலமா எடுத்துக்குவோம். மழைக்காலத்தில் முதல் நாளே கட்டைப் பிரிச்சு அச்சடிக்கிற ரூமிலேயே வைப்போம். கடைக்காரர் சலிச்சுக்கிட்டாலும் ஒரு தாள் கேட்டு வாங்கி, ரெண்டு கலரும் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டுக்குப் பணம் கொடுக்கிறேன்.