ஒளியால் எழுதும் ஏடு

மனிதன் தான் அறிந்ததை மறவாதிருக்கும் பொருட்டுக் கல்லில் பொறித்தான், தோலில் எழுதினான், தாளில் அச்சிட்டான். நம் காலத்தில் ஒளியையே எழுத்தாணியாகக் கொண்டுள்ளான். இவ்வெழுத்தாணி இன்னும் எவ்வளவு எழுத வல்லது? எழுதியது எத்துணைக் காலம் நிற்கும்? இவ்விரு வினாக்களையும் இன்று ஆராய்வோம்.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டை நீங்கள் அறிவீர்கள். அதன் பரப்பில் சுருள் வடிவான தடமொன்று உண்டு. அத்தடத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழிகள் உள்ளன. லேசர்க் கதிர் அவற்றின்மேல் பட்டுத் திரும்பும்போது ஏற்படும் வேறுபாட்டைக் கருவி எண்களாகப் படிக்கிறது. கதிரின் அலைநீளம் குறையுமாயின், அதனை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம். குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிர் பயன்பட்டது. அது கொண்டது ஏறத்தாழ 700 மெகாபைட். பின் வந்த டி.வி.டி. தகட்டில் அலைநீளம் 650 ஆயிற்று, கொள்ளளவு 4.7 ஜிகாபைட்டாக உயர்ந்தது. புளூ-ரே தகட்டில் 405 நானோமீட்டர் நீலக் கதிரும் ஆற்றல் மிக்க வில்லையும் சேர்ந்து, ஓர் அடுக்கிலேயே 25 ஜிகாபைட்டுக்கு இடம் தந்தன.

ஆயினும் பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. பொருளின் பரப்பை விட்டு அதன் உள்ளேயே எழுதினால் என்ன? இதற்கு வழி வகுத்தது ஹோலோகிராபி. ஹங்கேரியில் பிறந்த டென்னிஸ் காபர், 1947-இல் இங்கிலாந்தின் ரக்பி நகரில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைச் செம்மை செய்ய முயன்றபோது இதனைக் கண்டார். 1960-இல் லேசர் பிறந்த பின்னரே இக்கலை முழு வலிமை பெற்றது. காபருக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இம்முறை இயங்குவது எவ்வாறு? லேசர்க் கதிரொன்றை இரண்டாகப் பிரிக்கின்றனர். ஒரு கதிர், கறுப்பும் வெளுப்புமான கட்டங்கள் நிறைந்த பலகையின் வழியே சென்று, ஒரு பக்கச் செய்தி முழுவதையும் சுமந்து வருகிறது. மற்றொன்று வெறுங்கதிர். இரண்டும் ஒளியுணரும் பொருளொன்றினுள் சந்திக்க, அங்கே நுண்ணிய வரிகள் பதிகின்றன. பின்னர் வெறுங்கதிரை மட்டும் அதே கோணத்தில் செலுத்தினால், அப்பக்கம் முழுவதும் ஒருங்கே மீண்டும் தோன்றும். கோணத்தைச் சற்று மாற்றினால், அதே இடத்தில் வேறொரு பக்கத்தையும் எழுதலாம்!

அலைநீளத்தைப் பக்கமாகக் கொண்ட கனசதுரத்துக்கு ஒரு குறி என்னும் அளவில் இவ்வாறு சேமிக்கலாம் என்று 1963-இல் வான் ஹீர்டன் என்னும் அறிஞர் கணக்கிட்டார். அலைநீளம் 500 நானோமீட்டர் எனக் கொண்டால், ஒரு கன சென்டிமீட்டரில் 8 இலட்சம் கோடி குறிகள், அதாவது ஒரு டெராபைட், அடங்கும்.

கணக்கு இவ்வாறிருக்க, கடைத்தெருவுக்கு அது வராதது ஏன்? பதிவுப் பொருள் சிறிது சுருங்கினாலும் கோணம் பிறழ்ந்துவிடும். கண்ணாடிகளும் கதிர்களும் மயிரிழையும் விலகலாகாது. இதனிடையே காந்தத் தட்டுகளின் விலையோ ஆண்டுதோறும் சரிந்தது. பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து 2000-இல் கிளைத்த இன்ஃபேஸ் நிறுவனம், 300 ஜிகாபைட் ஹோலோகிராபித் தகட்டை உருவாக்கியும், அது சந்தையில் வேரூன்றுமுன் மூடப்பட்டது.

எனினும் முயற்சி ஓயவில்லை. 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார், 7.5 சென்டிமீட்டர் சதுரமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடித் துண்டினுள், மிகக் குறுகிய லேசர்த் துடிப்புகளால் ஒரு முழுத் திரைப்படத்தையே பதித்துக் காட்டினர். வெந்நீரில் வேகவைத்தும் அடுப்பில் சுட்டும் அப்பதிவு அழியவில்லை.

அழியாமை ஒன்றே போதுமா? போதாது என்பதற்கு இங்கிலாந்தே சான்று. அந்நாட்டு மக்களின் நிலபுலன்களைக் கணக்கெடுத்து 1086-இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நூலை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டேயை லேசர்த் தகடுகளில் வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் பங்குகொண்டனர். பள்ளி மாணவர் பலர் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர். ஆனால் பதினைந்தே ஆண்டுகளில் அத்தகடுகளைப் படிக்கும் கருவி கிடைத்தற்கு அரியதாயிற்று. தகடு இருந்தது, படிப்பார்தாம் இல்லை! 2002-இல் ஆராய்ச்சியாளர் சிலர், பழைய கணிப்பொறியைப் போல் நடிக்கும் நிரலொன்றை அரும்பாடுபட்டு இயற்றி அதனை மீட்டனர்.

மாணவ நண்பர்களே! உங்களில் சிலர் நாளை இத்துறையில் புகக்கூடும். ஒரு துண்டுக் கண்ணாடியில் ஒரு நூலகத்தை அடக்குவது பெருஞ்சாதனையே. ஆயினும் அக்கண்ணாடியைப் படிக்கும் முறையையும், எவரும் புரிந்துகொள்ளும் எளிய மொழியில், அதனோடு சேர்த்தே எழுதி வையுங்கள். இங்கிலாந்துச் சிறுவர்கள் தம் ஊரைப் பற்றி எழுதியது பின்வருவோர் படிப்பதற்கே. அவர்களுடைய உழைப்புக்கு நேர்ந்த இடர் நீங்கள் எழுதப்போகும் ஏட்டுக்கு நேராதிருக்க வேண்டும்.