தந்தையை அழைக்கும் சொற்கள்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த வீதியொன்றில் வாழும் முதியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் தம் மனக்குறையைச் சொன்னார். அவருடைய மகன் இத்தாலிக்குச் சென்று, சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் குடும்பத்தோடு வாழ்கின்றான். "மாஸ்டர், ரெலிபோனிலே கேட்டேன். பேரன் தகப்பனைப் 'பப்பா' என்று கூப்பிடுறான். 'அப்பா' என்ற சொல் எங்கட வீட்டை விட்டுப் போயிட்டுதோ?" என்றார்.

இஃது ஒரு வீட்டின் கவலையன்று. பலேர்மோவில் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. பெல்லெகிரீனோ மலையிலுள்ள புனித ரொசாலியாவின் திருத்தலத்துக்குக் கத்தோலிக்கத் தமிழரோடு சைவத் தமிழரும் ஏறிச் சென்று வணங்குகின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் இத்தாலிய மொழியையே பேசுகின்றனர்.

இத்தாலியக் குழந்தை தந்தையை அழைக்கும் பொதுச்சொல் 'பப்பா' என்பதாகும். அதில் ஈற்றசையை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். முதலசையை நீட்டிப் 'பாப்பா' என்றால் தந்தையைக் குறியாது. உரோமாபுரியிலிருக்கும் பாப்பரசரைக் குறிக்கும்! தொஸ்கானா முதலிய நடுப்பகுதிகளில் 'பாப்போ' என்பர். 'பாரதி' என்பதன் முதலொலிபோல அதனை ஒலித்தல் வேண்டும். நத்தார்த் தாத்தாவும் அங்கே 'பாப்போ நத்தாலே' ஆகின்றார். நாம் பாட்டனாக்கியவரை அவர்கள் தந்தையாக்கினர். தென்னித்தாலியக் கிளைமொழிகள் சிலவற்றிலோ தந்தைக்குப் பெயர் 'தாத்தா'.

இதைக் கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. மாலையில் நம் மீன்சந்தைப் பக்கம் நடந்தால், சிங்களச் சிறுவன் தன் தந்தையைத் 'தாத்தா' என்றழைப்பதைக் கேட்கலாம். முஸ்லிம் சிறுமி 'வாப்பா' என்பாள்; தமிழ்ப் பிள்ளை 'அப்பா' என்றோ 'ஐயா' என்றோ அழைக்கும். தொடர்பற்ற மொழிகளிலும் பெற்றோர் பெயர்கள் ஒத்திருப்பதன் காரணத்தை மொழியியலறிஞர் ரோமன் யாக்கோப்சன் 1960 இல் வெளியான கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். இதழ்கூடிப் பிறக்கும் ஒலிகளும் நாநுனியாற் பிறக்கும் ஒலிகளும் மழலைக்கு எளியவை. அவ்வொலிகளைப் பெற்றோர் தம் பெயராக ஏற்றுக்கொள்கின்றனர். ஆகவே, 'பப்பா'வும் 'அப்பா'வும் பகைச்சொற்கள் அல்ல.

இத்தாலியரின் 'பாத்ரே' என்னும் சொல் தந்தையையும் துறவியையும் குறிக்கும். பெற்ற தந்தையை நேரில் அவ்வாறழைப்பது இன்று அரிது. இதே சொல்லின் போர்த்துக்கேய உருவே நம் 'பாதிரியார்'. 1606 இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ரொபேர்தோ தே நொபிலி, அங்கே 'ஐயர்' என அழைக்கப்பட்டார். அந்த 'ஐயர்' என்பதற்கு இனமான 'ஐயா' என்றே நம்மூர் வீடுகள் பலவற்றில் தந்தையை அழைக்கின்றோம். இவ்வாறு சொற்கள் கடல் கடந்து போவதும் வருவதும் நமக்குப் புதிதன்று.

ஆயினும் முதியவரின் அச்சம் வெறும் அச்சமன்று. புதுச்சொல் வருவதால் பழஞ்சொல் அழிவதில்லை. அதனை வழங்குவாரின்றேல் அழிகின்றது. பள்ளிச்சொல் பிள்ளைக்குத் தானே வந்துவிடும். வீட்டுச்சொல்லைப் பிள்ளை காதாற் கேட்டே பெறுதல் வேண்டும்.

"பேரன் உங்களை எப்படி அழைக்கின்றான்?" என்று வினவினேன்.

"அப்பப்பா என்றுதான்."

"அச்சொல்லுக்குள் 'அப்பா' இருக்கின்றாரே! தந்தையின் தந்தை என்பதன்றோ அதன் பொருள்? அவனோடு நாள்தோறும் பேசுங்கள். உங்கள் மகன் உங்களை 'அப்பா' என்றழைப்பதையும் அவன் கேட்கட்டும்" என்றேன்.

முதியவர் சற்றுநேரம் துறைமுகத்தையே பார்த்திருந்தார். பின்பு, "அங்கே இப்ப எத்தனை மணியிருக்கும், மாஸ்டர்?" என்று கேட்டார்.