வெடியுப்பு சும்மா இருப்பதில்லை



கொள்ளிடத்தின் வடகரையில், வீரமாமுனிவர் தங்கித் தமிழ்ப் பணி செய்த ஏலாக்குறிச்சியில் வேதியியலாரும் வேளாண் அறிவியலாரும் சேர்ந்து அமர்ந்திருப்பதைக் காண மனம் நிறைகிறது. அவருடைய சதுரகராதி 1732-இல் உருவானது. பெயர், பொருள், தொகை, தொடை என்று தமிழ்ச் சொற்களை நான்காகப் பிரித்து, தேடுகிறவர் கைக்கு எட்டும்படி வைத்தார். எதை எங்கே வைத்தோம் என்பதைப் பிறருக்குத் தெரியப்படுத்தும் அந்த ஒழுங்கு நம் ஆய்வேடுகளின் செய்முறைப் பகுதிக்கும் வேண்டும். வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டை முன்னிறுத்தி அந்த ஒழுங்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆய்வேடுகளில் இந்த உப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. "0.1 மோலார் பொட்டாசியம் நைட்ரேட் ஊடகத்தில் அளவிடப்பட்டது" என்று எழுதி மாணவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். அந்த உப்பு எந்தத் தரம், உலர்த்தினார்களா, ஏன் அதையே தேர்ந்தெடுத்தார்கள், அது மட்டும் இருக்கும் கரைசலை அளந்து பார்த்தார்களா? ஒன்றும் இருக்காது. அது எதிலும் தலையிடாமல் ஓரமாக நிற்கும் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை பல ஆய்வுகளின் முடிவையே மாற்றிவிடக் கூடியது என்பது என் உறுதியான கருத்து.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 25 டிகிரி செல்சியஸில் பொட்டாசியம் அயனியின் மோலார் கடத்துத்திறன் 73.5, நைட்ரேட்டுக்கு 71.4. இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகர்வதால், இரு கரைசல்கள் சந்திக்கும் இடத்தில் எழும் மின்னழுத்தம் மிகக் குறைவாக இருக்கும். பொட்டாசியம் குளோரைடுக்கும் இந்தக் குணம் உண்டு. ஆனால் வெள்ளியோ ஈயமோ இருக்கும் கரைசலில் குளோரைடு வீழ்படிவு உண்டாக்கும். அதனால்தான் வெள்ளி மின்கலத்துக்கு அகர் கலந்த பொட்டாசியம் நைட்ரேட் உப்புப் பாலம் போடச் சொல்கிறோம். முதுகலை ஆய்வகத்தில் முதன்முதலாக அந்த U குழாயைக் கவிழ்த்து வைக்கும் மாணவரிடம் இந்தக் காரணத்தை ஒரு முறையாவது சொல்லுங்கள். குறிப்பேட்டைப் பார்த்து எழுதிப் பழகியவருக்கு அது பெரிய திறப்பாக இருக்கும்.

இனி அது ஓரமாக நிற்காத இடங்களுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று பெருகியிருக்கும் ஆய்வுகளில் ஒன்று ஒளிவினையூக்கம்: துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடைக் கொண்டு, சாயக்கழிவு நீரை வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்து நிறம் நீக்குவது. உப்பின் தாக்கத்தைப் பார்க்க, அல்லது அயனி வலிமையை நிலையாக வைக்க, பொட்டாசியம் நைட்ரேட்டைச் சேர்க்கிறோம். நைட்ரேட் அயனி 302 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். உறிஞ்சல் வலுக்குறைந்ததுதான், ஆனாலும் 0.1 மோலார் கரைசலில், 1 செ.மீ. குவெட்டில், அது 0.7 அளவுக்கு வந்துவிடும். வினையூக்கிக்குப் போகவேண்டிய ஒளியில் ஒரு பங்கை இந்த உப்பு எடுத்துக்கொள்கிறது. எடுத்த ஒளியால் நைட்ரேட் உடைந்து, ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. சாயத்தைச் சிதைப்பதும் அதே ஹைட்ராக்சில் தனியுறுப்புதான்! வினையூக்கி இல்லாமல் சாயமும் உப்பும் மட்டும் இருக்கும் குடுவையை அதே விளக்கின் கீழ் வைக்காதவர், தன் வினையூக்கி எவ்வளவு வேலை செய்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

விதை ஆய்வில் நிலைமை இன்னும் நுட்பமானது. உறக்கம் கலையாத விதைகளுக்கு முளைப்புத்தாளை 0.2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலால் நனைப்பது பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கத்தின் விதிகளிலேயே உள்ள முறை. லிட்டருக்கு 2 கிராம். ஏறத்தாழ 20 மில்லிமோலார். நைட்ரேட் அங்கே வெறும் உணவு இல்லை, விதைக்கு "விழித்துக்கொள்" என்று சொல்லும் ஒரு குறிப்பு. அப்படியானால் முளைப்பு கூடியது நைட்ரேட்டாலா, பொட்டாசியத்தாலா, கரைசலின் சவ்வூடு அழுத்தத்தாலா? வெறும் தண்ணீரை மட்டும் ஒப்பீடாக வைத்தால் இதற்கு விடை கிடைக்காது. லிட்டருக்கு 1.48 கிராம் பொட்டாசியம் குளோரைடு ஒரு தட்டில், 1.68 கிராம் சோடியம் நைட்ரேட் இன்னொரு தட்டில் வையுங்கள். மோலார் செறிவு ஒன்றாகிவிடும். எந்த அயனி வேலை செய்தது என்பது தெரிந்துவிடும். கூடுதல் செலவு இரண்டு தட்டுகள்தான். 1962-இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் புகையிலைத் திசுவுக்காக வகுத்த ஊடகத்தில் லிட்டருக்கு 1.9 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது. திசு வளர்ப்பில் அதைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிறவர்களுக்கும் இதே கேள்வி உண்டு.

குடிநீர் ஆய்வு நம் மாவட்ட மக்களை நேராகத் தொடுவது. நைட்ரேட்டுக்கான நியமக் கரைசலுக்கு அடிப்படை இந்த உப்புதான்: 105 டிகிரியில் உலர்த்திய 0.7218 கிராம், ஒரு லிட்டரில். அது தருவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரஜன். நைட்ரேட்டாகச் சொன்னால் 443. இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வைத்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட், அதாவது ஏறத்தாழ 10 மில்லிகிராம் நைட்ரஜன். இந்த இரண்டு அலகுகளையும் குழப்பிக்கொண்டால், லிட்டருக்கு 30 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள கிணறு 'எல்லைக்குள் இருக்கிறது' என்று அறிக்கையில் ஏறிவிடும். உண்மையில் அந்தத் தண்ணீர் எல்லையைப் போல மூன்று மடங்கு. அதைக் குடிக்கும் கைக்குழந்தைக்கு இது வெறும் அலகுப் பிழை அல்ல.

தரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரம்பலூர் பக்கம் சொட்டுநீர் போட்ட உழவர்கள் எல்லாரும் '13:0:45' உரத்தை அறிவார்கள். அதுவும் பொட்டாசியம் நைட்ரேட்தான். வயலுக்கு நல்லது, ஆய்வகத்துக்கு ஆகாது. குளோரைடு மாசு சிறிது இருந்தாலும் வெள்ளி மின்முனையின் அளவீடு நகர்ந்துவிடும். நல்ல தரம் கைவசம் இல்லையென்றால் மறுபடிகமாக்குங்கள். 20 டிகிரியில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 32 கிராம் கரையும் இந்த உப்பு, கொதிநீரில் 240 கிராமுக்கு மேல் கரையும். ஆறவைத்தாலே தூய படிகம் இறங்கும். மாசு நீரிலேயே தங்கிவிடும். நம் சித்த மருத்துவர்கள் வெடியுப்பைக் கரைத்து, காய்ச்சி, வடித்து, திரும்பத் திரும்ப உப்பெடுத்துச் சுத்தி செய்ததும் இந்த இயல்பை நம்பித்தான். அவர்களுடைய திராவக முறைகளில் வெடியுப்பு பெற்ற இடம் தனியே ஓர் அமர்வுக்குரியது. இளைஞர் யாராவது அதை எடுத்துச் செய்யவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 2023 அக்டோபரில் இதே அரியலூர் மாவட்டத்தின் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிழைப்புக்காக வெடிமருந்தைத் தொட்டவர்கள் அவர்கள். நாம் படித்தவர்கள், நமக்குச் சாக்கு இல்லை. இந்த உப்பு போன்ற ஆக்சிஜனேற்றிகளுக்குத் தனி அலமாரி, கந்தகம், கரித்தூள், உலோகத்தூள், கரிமக் கரைப்பான் எதுவும் பக்கத்தில் இல்லாத இடம், எடுத்தவர் பெயரோடு எடை எழுதும் பதிவேடு: இவை இல்லாத ஆய்வகத்தில் இந்த உப்பின் குப்பியைத் திறக்கவே கூடாது.

இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு திட்டத்தை வைக்கிறேன். ஒரே குப்பியிலிருந்து எடுத்து உலர்த்திய உப்பை, இங்கு வந்திருக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் கொண்டுபோகட்டும். ஒவ்வொருவரும் நைட்ரேட் நியமக் கரைசல் செய்து, 220 நானோமீட்டரில் அளந்து, வெற்றுக்கரைசலின் அளவையும் சேர்த்து எழுதி அனுப்பட்டும். முடிவுகளை ஆய்வகங்களின் பெயரைச் சொல்லாமல் ஒரே அட்டவணையில் அச்சிடுவோம். எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்த பிறகு, நம் கிணறுகளைப் பற்றிப் பேசுவோம்.

உப்பு எடுத்துக்கொள்ள விரும்புவோர் உணவு இடைவேளையில் பதிவு மேசையில் கையெழுத்திடலாம். மின்வேதியியல் அமர்வு இப்போது தொடங்குகிறது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.